லைன் முதலில் வந்ததா, வீடு முதலில் வந்ததா? மின் பாதுகாப்பு விதிகளில் நம் குடும்பங்கள் அறிய வேண்டியவை

சில மாதங்களுக்கு முன் ஒரு இளைஞரின் ஜனாஸாத் தொழுகையில் நாம் கலந்துகொண்டோம். கட்டட வேலைக்கு வந்தவர். மாடி எழுப்பிக்கொண்டிருந்த ஒரு வீட்டில், கீழிருந்து கொடுத்த இரும்புக் கம்பியை மேலே நின்று வாங்கியிருக்கிறார். கம்பியின் மறுமுனை தெருவோரம் போகும் எச்.டி. லைன் பக்கம் சாய்ந்துவிட்டது. லைனைத் தொடக்கூட இல்லை, நெருங்கியதுதான் என்றார்கள் உடனிருந்தவர்கள்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது வீட்டு உரிமையாளர் நம் கையைப் பிடித்துக்கொண்டார். "ஹஜ்ரத், லைன் முதலில் வந்ததா, வீடு முதலில் வந்ததா என்று விசாரணையில் கேட்கிறார்கள். ஒரு உயிர் போய்விட்டது. எது முதலில் வந்தால் என்ன?" என்று கேட்டார். அப்போது நமக்குப் பதில் தெரியவில்லை. பிறகு விதிகளை எடுத்துப் படித்தோம். மின் பொறியாளர்களுக்காக மட்டும் எழுதப்பட்டவை என்று நாம் நினைத்திருந்த அந்த விதிகளில் பாதி, வீடு கட்டுகிறவருக்கும் வீட்டில் வாழ்கிறவருக்கும் உரியவை.

எந்த விதிகள்?

நம் நாட்டில் நீண்ட காலம் நடைமுறையில் இருந்தவை 1956 ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள். 2003 இல் புதிய மின்சாரச் சட்டம் வந்தது. பாதுகாப்பு விதிகளை வகுக்கும் பொறுப்பை அது மத்திய மின்சார ஆணையத்திடம் கொடுத்தது. ஆணையம் 2010 இல் ஒரு தொகுப்பை வெளியிட்டு, இடையில் சில திருத்தங்கள் செய்தது. பின்னர் 2023 ஜூன் மாதத்தில் அதற்குப் பதிலாகப் புதிய தொகுப்பையே அறிவித்தது. இன்று மின் உற்பத்தி நிலையம் முதல் நம் வீட்டு மீட்டர் பெட்டி வரை நாடு முழுவதும் பொருந்துவது இதுதான். மாநிலங்களில் இதை நடைமுறைப்படுத்திக் கண்காணிப்பவர்கள் அரசின் மின் ஆய்வாளர்கள்.

லைனுக்கும் வீட்டுக்கும் இடையே

உரிமையாளரின் கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது. கட்டடத்துக்கும் மேலே செல்லும் மின்கம்பிக்கும் இடையே குறைந்தபட்சம் இவ்வளவு இடைவெளி வேண்டும் என்று விதி சொல்கிறது.

650 வோல்ட் வரையுள்ள சாதாரணத் தெரு லைன், அதாவது எல்.டி. லைன் என்றால், கட்டடத்தின் உச்சியிலிருந்து மேலே 2.5 மீட்டர், பக்கவாட்டில் 1.2 மீட்டர். 11,000 வோல்ட் எச்.டி. லைன் என்றால் மேலே 3.7 மீட்டர், பக்கவாட்டில் 1.2 மீட்டர். 33,000 வோல்ட் என்றால் மேலே அதே 3.7 மீட்டர், பக்கவாட்டில் 2 மீட்டர். அதற்கு மேற்பட்ட அழுத்தங்களுக்கு இடைவெளி இன்னும் கூடும்.

இதைச் சாதாரண நேரத்தில் கம்பி நிற்கும் நிலையை வைத்து அளக்கக் கூடாது. வெயிலில் கம்பி சூடேறி அதிகமாகத் தொய்யும் நிலையையும், காற்றில் அதிகமாக ஆடும் நிலையையும் கணக்கில் எடுத்தே அளக்க வேண்டும். மொட்டை மாடி, பால்கனி, சாய்ப்பு, தாழ்வாரம் எல்லாம் இதில் அடங்கும். காலையில் கைக்கு எட்டாத தூரத்தில் தெரியும் கம்பி, சித்திரை மாத நண்பகலில் அதே தூரத்தில் இருக்காது.

லைன் ஏற்கனவே இருக்கும் இடத்தில் ஒருவர் வீடு கட்டினாலும், இருக்கும் வீட்டை உயர்த்தினாலும், இந்த இடைவெளி குறையும் என்றால், வேலை தொடங்கும் முன்பே மின் விநியோக நிறுவனத்துக்கும் மின் ஆய்வாளருக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். லைனை மாற்றி அமைக்கும் செலவைக் கட்டடம் கட்டுபவர் செலுத்த வேண்டும். விதி மீறல் இல்லை என்று மின் ஆய்வாளர் சான்று தரும்வரை வேலையைத் தொடங்கவோ தொடரவோ கூடாது. வீடு முதலிலேயே இருக்க, பின்னர் வந்த லைன் இடைவெளி விடாமல் போகிறது என்றால், அதைச் சரிசெய்ய வேண்டியவர்கள் லைன் போட்டவர்கள்.

ஆகவே "எது முதலில் வந்தது" என்ற கேள்வி வீண் கேள்வி அல்ல. யார் முதலில் எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் கேள்வி அதுதான். அந்த உரிமையாளர் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கொத்தனாரும் சொல்லவில்லை, பிளான் போட்டவரும் சொல்லவில்லை.

கம்பி, குழாய் போன்ற நீளமான பொருள்களை உறையில்லாத மின்கம்பிகளுக்கு அருகே கொண்டு செல்வதற்கும் விதி உண்டு. பொறுப்புள்ள ஒருவரின் நேரடி மேற்பார்வை இல்லாமல் அப்படிச் செய்யக் கூடாது. உயர் அழுத்த மின்சாரம் தொட்டால்தான் பாயும் என்பதில்லை. போதிய அளவு நெருங்கினாலே காற்றைத் தாண்டிப் பாய்ந்துவிடும். கொடிக்கம்பம் நடுபவர்களும், பள்ளிவாசல் மினாராவுக்கு சீரியல் விளக்கு கட்டும் நம் பிள்ளைகளும், இரும்பு ஏணியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கும் பெயிண்டர்களும் இதை அறிந்திருக்க வேண்டும்.

மீட்டர் வரை யார், மீட்டருக்குப் பின் யார்?

மின்கம்பம், சர்வீஸ் வயர், மீட்டர் வரையுள்ள அமைப்பு இவற்றைப் பாதுகாப்பான நிலையில் வைத்திருப்பது விநியோக நிறுவனத்தின் பொறுப்பு. இணைப்பு தொடங்கும் இடத்தில் நாம் பயன்படுத்திக்கொள்ள ஒரு எர்த் முனையைத் தந்து பராமரிப்பதும் அவர்களுடைய கடமை. அதற்கு அப்பால் வீட்டுக்குள் செல்லும் வயரிங் நம் பொறுப்பு. அந்த வேலையையும் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலம், தகுதிச் சான்று உள்ளவரின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.

நிறுவனத்தின் பொறுப்பு எவ்வளவு கடுமையானது என்பதை 2002 இல் உச்ச நீதிமன்றம் மத்தியப் பிரதேச மின்சார வாரியம் தொடர்பான வழக்கில் காட்டியது. இரவில் சைக்கிளில் வீடு திரும்பிய ஒருவர், மழைநீர் தேங்கிய சாலையில் அறுந்து கிடந்த மின்கம்பியில் சிக்கி இறந்தார். யாரோ திருட்டுத்தனமாகக் கொக்கி போட்டதால் நேர்ந்தது, நாங்கள் பொறுப்பல்ல என்றது வாரியம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆபத்தான ஒரு பொருளை மக்களுக்கு வழங்கும் தொழிலைச் செய்பவர், தம் பக்கம் கவனக்குறைவு இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது என்று தீர்ப்பளித்தது. இழப்பீடு கேட்பது உரிமை என்பதைக் குடும்பத்தலைவரை இழந்த எத்தனையோ வீடுகள் அறியாமல் இருக்கின்றன.

எம்.சி.பி. இருந்தால் போதாதா?

"எங்கள் வீட்டில் எம்.சி.பி. போட்டிருக்கிறோம்" என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். எம்.சி.பி. காப்பது வயரை. சுமை அளவுக்கு மீறினாலும் ஷார்ட் சர்க்யூட் ஆனாலும் அது டிரிப் ஆகும். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு மேல் மின்சாரம் போனால்தான் அசையும். மனித உயிருக்கோ ஒரு ஆம்பியரில் சிறு பின்னமே ஆபத்து.

மனிதரைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்னும் கசிவுத் தடுப்புக் கருவி. ஃபேஸ் வழியாகப் போகும் மின்சாரமும் நியூட்ரல் வழியாகத் திரும்பும் மின்சாரமும் சமமா என்று அது இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கும். வாட்டர் ஹீட்டரிலோ கிரைண்டரிலோ கசிந்த மின்சாரம் ஒருவர் உடல் வழியாகத் தரைக்குப் போனால் கணக்கில் குறை விழும். உடனே, ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். வீடுகளில் இந்த அளவு 30 மில்லி ஆம்பியரைத் தாண்டக் கூடாது என்பது விதி. 16 ஆம்பியரோடு ஒப்பிட்டால் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. மிகச் சிறிய இணைப்புகளுக்குத்தான் விதியில் விலக்கு. ஆனால் மின்சாரம் சிறிய வீடு, பெரிய வீடு என்று பார்ப்பதில்லை.

கருவியில் "டெஸ்ட்" பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள். டிரிப் ஆகவில்லை என்றால் உடனே மாற்றுங்கள்.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு

இதுவரை நம் உயிரைப் பற்றிப் பேசினோம். நம்மால் பிறர் உயிர் போகும் வழியும் ஒன்று உண்டு.

கரண்ட் போனதும் ஜெனரேட்டரை இரண்டு பக்கமும் பிளக் உள்ள வயரால் ஏதாவது ஒரு சாக்கெட்டில் சொருகிவிடும் பழக்கம் சில வீடுகளிலும் கல்யாண மண்டபங்களிலும் உண்டு. மெயின் சுவிட்சை அணைக்க மறந்தால் அந்த மின்சாரம் மீட்டர் வழியாக வெளியே போகும். தெரு டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டைக் குறைத்து நமக்குத் தருவது. அதற்குள் பின்பக்கமாக நம் மின்சாரம் நுழைந்தால் அதுவே பல மடங்காகப் பெருகி எச்.டி. லைனில் ஏறும். அங்கே கம்பத்தில் ஒரு லைன்மேன் இருக்கலாம்.

லைனில் கை வைக்கும் முன் இணைப்பைத் துண்டித்து, மின்சாரம் இல்லை என்று சோதித்து, கம்பியை எர்த் செய்ய வேண்டும் என்றும், கையுறை, இடுப்புப் பட்டை, தலைக்கவசம் போன்றவை தரப்பட வேண்டும் என்றும் விதிகள் அவரைக் காக்கின்றன. நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஜெனரேட்டர் இருந்தால் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் கட்டாயம் இருக்க வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகிகள் இதை முதலில் பார்க்கட்டும்.

விபத்து நேர்ந்தால்

ஷாக் அடித்துக்கொண்டிருப்பவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் உலர்ந்த மரக்கட்டையால் விலக்குங்கள். இது வீட்டு மின்சாரத்துக்கு மட்டும். எச்.டி. லைன் என்றால் எந்தக் கட்டையும் காக்காது. எட்டி நின்று, மற்றவர்களையும் தடுத்து நிறுத்தி, மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். அறுந்து கிடக்கும் கம்பி எதுவானாலும் உயிருள்ளது என்றே கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் மின்னகம் எண் 94987 94987 இரவும் பகலும் இயங்குகிறது. மூச்சு நின்றிருந்தால் 108ஐ அழைத்துவிட்டு, நெஞ்சை அழுத்தும் முதலுதவியை உடனே தொடங்குங்கள்.

உயிரிழப்பு நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் மின் ஆய்வாளருக்குத் தகவல் போக வேண்டும். அவருடைய அறிக்கையே பிறகு இழப்பீட்டுக்கு முக்கிய ஆதாரம். அதனால் அவசரத்தில் இடத்தைச் சுத்தம் செய்துவிடாதீர்கள். படம் எடுத்து வையுங்கள். "போனது போனது" என்று போலீசில் சொல்லாமல் அடக்கிவிடுவது, பின்னால் நிற்கும் மனைவி மக்களின் உரிமையை அடக்கிவிடுவதாகும்.

பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதையே நன்மையாகக் கருதுகிறவர்கள் நாம். தலைக்கு மேல் தொங்கும் கம்பியைப் பற்றி ஒரு மனு எழுதுவதும் அதில் சேர்ந்ததே. அந்த வீட்டு உரிமையாளர் இப்போது லைனை மாற்ற விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். பாதி கட்டிய சுவர் அப்படியே நிற்கிறது. அந்த விண்ணப்பத்தைக் கல் வாங்கும் முன்பே அவர் கொடுத்திருக்கலாம். நம்மில் வீடு கட்டப் போகிறவர்கள் இன்ஷா அல்லாஹ் அப்படிச் செய்வோம்.