வீழ்ந்து எழுந்த கழகம்

கோயிலும் பள்ளியும் போல விளையாட்டுக் கழகமும் ஓர் ஊருக்கு உரித்தான செல்வமாகும். அச்செல்வத்தை இழந்து, பின்னர் அரிதின் முயன்று மீட்டுக்கொண்ட ஆங்கில ஊரொன்றின் வரலாறு நம் மாணவர் அறியத்தக்கது.

இங்கிலாந்தின் வடபாலுள்ள லங்காசயர்ப் பகுதியில், மன்செஸ்ரர் நகருக்கு வடக்கே அக்றிங்ரன் என்னும் ஊர் உள்ளது. பருத்தி நெசவும் செங்கல்லும் அதற்குப் பேர் தந்தன. 1888ஆம் ஆண்டு இங்கிலாந்தின் உதைபந்தாட்ட லீக் தொடங்கப்பெற்றபோது அதில் இணைந்த 12 கழகங்களுள் இவ்வூர்க் கழகமும் ஒன்று. எனினும் அது 1893இல் லீக்கை நீங்கிச் சில ஆண்டுகளில் மறைந்தது. இதற்கிடையே 1891இல் ஸ்ரான்லி வீதியைச் சார்ந்தோர் வேறொரு கழகத்தை நிறுவியிருந்தனர். அதுவே அக்றிங்ரன் ஸ்ரான்லி எனப் பெயர் பெற்று, 1921இல் லீக்கின் மூன்றாம் பிரிவில் இடங்கொண்டது.

1950களில் அதற்கு நற்காலம் பிறந்தது. ஸ்கொத்லாந்து வீரர் பலரைச் சேர்த்து ஆடிய அக்கழகம் 1955இலும் 1958இலும் தன் பிரிவில் இரண்டாமிடம் பெற்றது. முதலிடம் பெற்ற அணியே உயர்த்தப்படும் என்பது அந்நாளைய விதியாதலின், இருமுறையும் வாய்ப்புக் கைநழுவிற்று.

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பர் நம் முன்னோர். கழகத்தார் அதனை மறந்தனர். 1958இல், தென்னிங்கிலாந்தின் ஓல்டர்ஷொட்டில் படைக்காட்சிக்கென அமைந்திருந்த பார்வையாளர் மேடையொன்றை 1,450 பவுணுக்கு வாங்கினர். அதனைப் பிரித்து, வடக்கே கொணர்ந்து நிறுத்துதற்கான செலவோ விலையினும் பன்மடங்காயிற்று. பார்க்க வருவோர் தொகை குறைந்தது, 1960இல் அணி நான்காம் பிரிவுக்கு இறங்கியது, கடன் பெருகியது.

1962 மார்ச் மாதம், பருவம் முடியுமுன்னரே, லீக்கிலிருந்து விலகுவதாகக் கழகம் கடிதம் எழுதிற்று. உதவுவோர் முன்வரவே அக்கடிதத்தை மீளப்பெற வேண்டியது, லீக் இணங்கவில்லை. அதுவரை ஆடிய 33 ஆட்டங்களின் முடிவுகளும் பதிவேட்டினின்று நீக்கப்பட்டன. வெற்றிடமாகிய இருக்கை ஒக்ஸ்போர்ட் யுனைற்றட் கழகத்துக்குச் சென்றது. 1966இல் ஸ்ரான்லி முற்றாக மூடப்பட்டது.

ஆயினும் ஊரார் அப்பெயரை மறந்தாரல்லர். 1968இல் தொழிலாளர் மன்றமொன்றிற் கூடி, அதே பெயரில் கழகத்தை மீள நிறுவினர். 1970இல் புதிய மைதானத்தில், பிரதேசப் போட்டியின் அடித்தட்டிலிருந்து ஆடத் தொடங்கினர். அங்கிருந்து படிப்படியாக ஏறி லீக்கை மீண்டும் எட்ட 36 ஆண்டுகள் சென்றன. 2006இல் ஸ்ரான்லி லீக்கினுள் நுழைந்தபோது, அதே ஆண்டில் அதிலிருந்து கீழிறங்கிய கழகங்களுள் ஒன்று எது? முன்னர் அதன் இருக்கையைப் பெற்ற ஒக்ஸ்போர்ட் யுனைற்றட்டே! 2018இல் ஸ்ரான்லி நான்காந்தரப் பிரிவின் முதலிடத்தையும் வென்றது. 2023இல் மீண்டும் அப்பிரிவுக்கு இறங்கிற்று.

ஏற்றமும் இறக்கமும் ஆட்டத்துக்கு இயல்பு. ஒரே ஆண்டில் எழுப்பிய மேடை நான்காண்டுகளிற் கழகத்தைச் சாய்த்தது; தலைமுறை கடந்து பொறுமையோடு கட்டிய கழகமோ இறங்கியபோதும் உடையவில்லை. சிறிய கழகம் நடத்தும் இளைஞர் தம் கணக்கேட்டைத் திறக்கும்போதெல்லாம் இவ்வூரை நினைவிற் கொள்வாராக.