மண்ணின் ஈரம் அறியும் கருவிகள்

பயிருக்குத் தண்ணீர் எப்பொழுது தேவை என்பதை நம் குடியானவர்கள் தொன்றுதொட்டுக் கண்ணாலும் கையாலுமே அறிந்து வந்துள்ளனர். ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்ப்பதும், நடுப்பகலில் இலை துவள்கிறதா என நோக்குவதும் தவறான முறைகள் அல்ல. ஆயினும் கண் காண்பது மேல்மண்ணை மட்டுமே. கோடையில் மேல்மண் இரண்டொரு நாளில் வெளுத்துவிடுகிறது. ஒரு சாண் ஆழத்தில், வேர் படர்ந்துள்ள இடத்திலோ ஈரம் இன்னும் இருக்கக்கூடும். அதனை அறியாது பாய்ச்சப்படும் நீர் வேருக்கும் கீழே இறங்கி விடுகிறது. போகும்பொழுது, நாம் விலை கொடுத்து வாங்கி இட்ட தழைச்சத்தையும் கரைத்துக்கொண்டு போகிறது. உழவு மின்சாரத்திற்குக் கட்டணம் இல்லையென்பதற்காகக் கிணற்று நீருக்கும் விலையில்லை என்று எண்ணிவிடலாகாது.

இக்குறையை நீக்க வந்தவையே சென்சார் எனப்படும் உணர்கருவிகள். நம் புலனுக்கு எட்டாத ஒரு நிலையை உணர்ந்து, அதனை நாம் காணத்தக்க ஓர் அடையாளமாக மாற்றித் தருவது இவற்றின் வேலை. மின்சாரமும் கைப்பேசியும் இருந்தாலன்றி இவை இயங்கா என்று பலர் நினைக்கின்றனர். அஃது அவ்வாறன்று. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பியுள்ள வயல் நீர்க்குழாய் வெறும் பிளாஸ்டிக் குழாய்த் துண்டேயாகும். மூங்கிலிலும் செய்துகொள்ளலாம்.

சுமார் 30 செ.மீ. நீளமும் 10 முதல் 15 செ.மீ. விட்டமும் உள்ள குழாயை எடுத்து, அதன் கீழ்ப் பாதியில் சுற்றிலும் துளைகள் இட வேண்டும். அப்பாதியை வரப்பிற்கு அருகே, மேடும் பள்ளமும் அல்லாத இடத்தில் அடித்து இறக்கி, உள்ளிருக்கும் சேற்றை அள்ளிவிட வேண்டும். வயலில் நீர் வற்றிய பின்னும் குழாய்க்குள் நீர்மட்டம் தெரியும். தரைக்குக் கீழே 15 செ.மீ. வரை அது இறங்கும்வரை பயிருக்குக் குறையொன்றும் இல்லை; அந்த மட்டத்தை அடைந்ததும் மீண்டும் 5 செ.மீ. உயரத்திற்கு நீர் கட்டினால் போதுமானது. நட்ட பின் முதல் இரண்டு வாரங்களில், களை தலையெடுக்காதிருக்கும் பொருட்டு, வயலைக் காய விடலாகாது. பூக்கும் பருவத்திற்கு ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும் நீர் நிற்கவே வேண்டும். ஏனைய நாட்களில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நடத்தினால், விளைச்சல் குறையாமல் 30 சதவீதம் வரை நீர் மிச்சமாகலாம் என அந்நிலையம் கூறுகிறது. ஆனால் ஒன்று: அடுத்த முறை எப்பொழுது வரும் என்று உறுதியில்லாத வாய்க்கால் கடைமடையில் உள்ளவரிடம் வயலைக் காய விடும்படி சொல்வது நியாயமன்று. தம் கிணற்றிலிருந்து வேண்டியபொழுது இறைத்துக்கொள்ளக் கூடியவர்க்கே இம்முறை முதலில் பொருந்தும்.

கரும்பு, வாழை, காய்கறி முதலியவற்றிற்கு வேறு கருவிகள் உள்ளன. நுண்துளையுள்ள சுட்ட மண் குப்பியை அடியில் பொருத்தி நீர் நிரப்பிய குழாய் ஒன்று உண்டு. அதற்கு டென்சியோமீட்டர் என்று பெயர். மண் காயக் காயக் குப்பியின் வழியே நீரை உறிஞ்சும். அவ்விசையின் அளவைக் கொண்டு வேர் படும் சிரமத்தை அறிகிறோம். லூதியானாவின் பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதனையே வண்ணப் பட்டைகளுடன் எளிமையாக்கி, நெல் விவசாயிகளுக்கு அளித்தது. கோயம்புத்தூரில் 1912ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் கரும்பு இனப்பெருக்க நிலையம் உருவாக்கிய மண் ஈரப்பதங்காட்டியில் இரண்டு உலோகக் கம்பிகளை மண்ணில் ஊன்றினால் விளக்கு எரியும். நீலமாயின் ஈரம் மிகுதி, பச்சையாயின் போதுமானது, ஆரஞ்சாயின் பாசனம் செய்யலாம், சிவப்பாயின் உடனே நீர் பாய்ச்ச வேண்டும்.

இவ்வண்ண முறையின் பயன் யாதென்பதை ஆப்பிரிக்காவின் அனுபவம் நன்கு காட்டுகிறது. ஆஸ்திரேலிய விஞ்ஞானி ரிச்சர்டு ஸ்டிர்சேக்கர் என்பாரும் அவர் குழுவினரும் பச்சோந்தியின் பெயரைச் சூட்டி ஒரு கருவி அமைத்தனர். வெவ்வேறு ஆழங்களில் புதைத்த உணர்கருவிகளின் நிலையை அது நீலம், பச்சை, சிவப்பு விளக்குகளால் காட்டும். எண் எதுவும் படிக்க வேண்டியதில்லை. 2013ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டமொன்றின் கீழ், மொசாம்பிக், தான்சானியா, ஜிம்பாப்வே நாடுகளின் சிறு விவசாயிகள் இதனைக் கையாண்டனர். தங்கள் முறை வந்ததே என்று நீர் பாய்ச்சி வந்தவர்கள், அடியில் இன்னும் நீலம் எரிவதைக் கண்டு முறையை விட்டுக்கொடுக்கத் துணிந்தனர். உரம் வயலிலேயே தங்கியது. மேலும், மேல்மடையில் மிஞ்சிய நீர் கடைமடைக்குச் சென்றதால் நீர்ச் சண்டையும் தணிந்தது. எந்த அதிகாரியும் உத்தரவிட்டு இதனைச் செய்விக்கவில்லை என்பதே நம்மை வியக்க வைக்கிறது.

கருவி பொய் சொல்லும் சந்தர்ப்பங்களையும் அறிந்திருத்தல் வேண்டும். மின்னோட்டத்தைக் கொண்டு ஈரத்தை அளப்பவை உவர் நிலத்தில் உள்ளதைவிட மிகுதியான ஈரத்தைக் காட்டக்கூடும். கரிசல் வெடித்துக் கம்பியைச் சுற்றி இடைவெளி விழுந்தால், நனைந்த மண்ணும் காய்ந்ததாகவே தெரியும். சொட்டு நீர் விழும் இடத்திலேயே ஊன்றியவருக்குத் தோட்டம் முழுவதும் ஈரமாகவே இருக்கும்! ஆகவே முதல் ஒரு மாதத்திற்கேனும் கருவி காட்டுவதையும், மண்வெட்டியால் தோண்டிக் கண்டதையும் ஒப்பிட்டு வருவது நலம்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு இதே தத்துவம் மேல்நிலைத் தொட்டியில் உதவுகிறது. தொட்டிக்குள் வெவ்வேறு உயரங்களில் தொங்கும் கம்பிகளை நீர் தொட்டதும் சிறு மின்னோட்டம் உண்டாகி மோட்டார் நின்றுவிடும். ஆழ்குழாய்க் கிணற்றினுள்ளும் அத்தகைய கம்பிகள் இருப்பின், நீர் இறங்கியதும் மோட்டார் வெறுமனே ஓடாமல் காக்கப்படும். காயில் எரிந்த மோட்டாரைக் கழற்றி, பட்டறைக்கு அனுப்பி, மீண்டும் இறக்கும் வரை குடத்துடன் அலைபவர் யார் என்பதை ஊரார் நன்கு அறிவர். இதற்கு ஆகும் செலவை அச்செலவோடு ஒப்பிட்டே கிராம சபையில் முடிவு செய்யலாம். உப்பு நீருள்ள ஊர்களில் கம்பிகளில் சுண்ணாம்புப் படிவு ஏறும்; தொட்டியைக் கழுவும்பொழுதெல்லாம் அதனையும் சுரண்டிவிடும்படி தொட்டி இயக்குபவருக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

விலை மிகுந்த கருவியை ஆளுக்கொன்றாக வாங்குவதைவிட, எளிய கையடக்கக் கருவி ஒன்றைப் பத்துப் பேர் சேர்ந்து வாங்கி முறைவைத்துப் பயன்படுத்துவதே மேல் என்பது நம் கருத்து. நெல் விவசாயிகளோ அதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் மிஞ்சிய குழாய்த் துண்டு போதும். வயலில் நீர் நிற்கும்பொழுது குழாயின் உள்ளும் புறமும் நீர்மட்டம் ஒன்றாக உள்ளதா எனப் பார்க்க வேண்டும். வேறுபட்டிருந்தால் துளைகளைச் சேறு அடைத்துவிட்டது என்று பொருள். குழாயைப் பிடுங்கிக் கழுவி, சற்றுத் தள்ளி மீண்டும் ஊன்றிக்கொள்ளலாம்.