பழைய மலைத் துவிச்சக்கரவண்டியின் ஓட்டம்

மலைச்சரிவிலே துவிச்சக்கரவண்டி ஓட்டும் விளையாட்டு கலிபோர்ணியாவில் வளர்ந்ததாகும். 1976ஆம் ஆண்டில் ஆங்கே 'றிப்பாக்' என்னும் பாதையில் இளைஞர் சிலர் பாரமான பழைய வண்டிகளிற் போட்டியிட்டு இறங்கினர். மிதியைப் பின்னோக்கி அழுத்தியே அவற்றை நிறுத்துவர். அச்சூட்டிற் பின்சக்கரக் குடத்தின் கிறீஸ் எரிந்துபோகும். அதனை மீண்டும் நிரப்ப வேண்டியிருந்தமையாலேயே பாதை அப்பெயர் பெற்றது. 1977இல் ஜோ பிறீஸ் என்பார் இவ்வோட்டத்துக்கெனவே தனிச்சட்டம் அமைத்தார்.

அக்கால வண்டிகளின் முன்கவை நன்கு சாய்ந்திருந்தது. 1990 அளவில் வந்தவற்றிலோ அது நிலத்தோடு ஏறத்தாழ 71 பாகையில் நிமிர்ந்து நின்றது. இன்று பல வண்டிகளில் 65 பாகையே. இவ்வேறுபாடு சிறிதெனினும் வண்டியின் இயல்பை அது மாற்றிவிடும். கவை திரும்பும் அச்சைக் கீழ்நோக்கி நீட்டினால், சக்கரம் நிலத்தைத் தொடுமிடத்துக்குச் சற்று முன்னே அது நிலத்தைச் சேரும். அவ்விடைத்தூரமே சக்கரத்தை நேர்வழியில் நிறுத்துவது. கவை நிமிர, அத்தூரம் குறையும். வண்டி விரைந்து திரும்பும். ஆனால் வேகத்தில் உறுதி குன்றும்.

ஆதலின் 1990ஆம் ஆண்டளவின் வண்டி ஏற்றத்துக்கு இனியது. நீண்ட கைபிடித்தண்டு உடலை முன்சாய்த்து முன்சக்கரத்தை நிலத்தில் ஊன்றச்செய்யும். இறக்கத்திலோ அச்சாய்வே ஓட்டுபவரைக் குப்புறக் கவிழ்க்க வல்லது. இதனைப் பழமையின் குற்றமென்பாரோடு நாம் உடன்படோம். ஏற்றத்தைக் கருதி வகுத்த கணக்கே அது. இறங்குமுன் ஆசனத்தைத் தாழ்த்துக. இடுப்பைப் பின்னே கொள்க. வளைவை அடையுமுன்னரே வேகத்தைத் தணிக்க. சக்கர விளிம்பைப் பற்றும் பிறேக் மழையிற் தாமதித்தே பிடிக்கும் என்பதையும் மறத்தலாகாது. இயல்பறிந்து ஓட்டுவார்க்குப் பழைய வண்டி இன்றும் நற்றுணையே.