சிரிப்பூட்டும் சித்திர நூல்கள்

கும்பகோணத்தை அடுத்த தாராசுரத்தில், இரண்டாம் இராசராச சோழன் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயிலில், ஒரு சிறு சிற்பம் இருக்கிறது. காளை ஒன்றும் யானை ஒன்றும் எதிரெதிராக நிற்கின்றன. உடல்கள் இரண்டு, தலை ஒன்றுதான். ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்தால் காளை மட்டும் தெரியும். மறுபக்கத்தை மறைத்தால் யானை தெரியும். பெரியவர்கள் அதனை ரிஷபகுஞ்சரம் என்று பெயர் சொல்லி, சோழச் சிற்பியின் திறமையை வியந்து, அடுத்த தூணுக்குப் போய்விடுவார்கள். குழந்தைகள் அப்படிப் போவதில்லை. மறைப்பதும் திறப்பதுமாக நின்று நின்று சிரிப்பார்கள். சிரிப்பின் காரணத்தை அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. கண்ணே அதனைக் கண்டுபிடித்துவிடுகிறது.

எழுத்தறியாத குழந்தைக்கும், இப்போதுதான் எழுத்துக்கூட்டத் தொடங்கியிருக்கும் குழந்தைக்கும் உரிய நகைச்சுவைப் படநூல்களைப் பற்றிப் பேச எண்ணும்போது எனக்கு இந்தச் சிற்பமே முதலில் நினைவுக்கு வருகிறது. படம் போட்ட கதைப்புத்தகம் வேறு, படநூல் வேறு. கதைப்புத்தகத்தில் எழுத்தே எல்லாவற்றையும் சொல்லிவிடும். படம் அதன் ஓரத்தில் கோலம் போட்டதுபோல் இருக்கும். படத்தை நீக்கினாலும் கதைக்குக் குறைவில்லை. படநூலிலோ படம் தானே பேசுகிறது. எழுத்து சொல்லாததைச் சொல்கிறது. சில வேளை எழுத்து சொல்வதற்கு நேர்மாறாகவும் சொல்கிறது. நகைச்சுவை அந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

பாட் ஹட்சின்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி 1968-ஆம் ஆண்டில் 'ரோஸீஸ் வாக்' என்று ஒரு நூல் வெளியிட்டார். ஒரு கோழி பண்ணையைச் சுற்றி உலாவிவிட்டு, உணவு வேளைக்குத் திரும்பி வருகிறது. எழுத்தில் உள்ள செய்தி இவ்வளவே. மொத்தம் 32 சொற்கள். ஆனால் படத்தில் முதலிலிருந்தே ஒரு நரி அந்தக் கோழியைத் தொடர்ந்து வருகிறது. பாயும்போதெல்லாம் அதற்கு ஓர் இடையூறு. குளத்தில் விழுகிறது, வைக்கோற்போரில் புதைகிறது, மாவு மூட்டையின் மாவெல்லாம் அதன் தலையில் கொட்டுகிறது, கடைசியில் தேனீக்கள் துரத்த ஓடிப்போகிறது. கோழி ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நரி என்ற சொல்லும் நூலில் ஒருமுறைகூட வரவில்லை. படித்துச் சொல்லும் தாய் கோழியைப் பற்றிச் சொல்கிறாள், மடியில் இருக்கும் குழந்தையோ, "நரி, நரி!" என்று கூவுகிறது. எழுத்தறிந்தவளைவிட எழுத்தறியாத குழந்தைக்கு ஒரு செய்தி அதிகம் தெரிந்திருக்கிறது. அதிலே அந்தக் குழந்தைக்கு வரும் பெருமிதம் இருக்கிறதே, அதுதான் அதனைப் புத்தகத்தின்பால் இழுக்கும் கயிறு. எழுத்தறியாத பாட்டியும் அந்தப் புத்தகத்தைப் பேரனோடு சேர்ந்து அனுபவிக்கலாம் என்பதையும் இங்கே சொல்லிவிடவேண்டும். நம் ஊர்களில் அது சிறிய காரியமன்று.

இதற்குத் துணையாவது பக்கத்தைத் திருப்பும் செயல். நாடகத்தில் திரை விழுவதைப் போல, படநூலில் தாள் புரள்கிறது. நரி பாய்வது ஒரு பக்கம். என்ன ஆயிற்று என்பது மறுபக்கம். இப்படிப்பட்ட நூல்கள் பெரும்பாலும் 32 பக்கம் இருப்பதற்குக் காரணம் கலையன்று, அச்சுக்கூடத்துக் கணக்கு. ஒரு பாரத்திற்கு 16 பக்கம், இரண்டு பாரத்திற்கு 32. ஆனால் அந்தக் கணக்கே நல்ல ஓவியன் கையில் தாளமாகிவிடுகிறது.

நகை எதனால் பிறக்கிறது என்ற கேள்விக்குத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நான்கு காரணம் கூறியிருக்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். பேதைமை என்பது அறியாமை. மடன் என்பது, பிறர் சொல்லிக்கொடுத்ததைப் பற்றிக்கொண்டு, பற்றியதை விடாதிருப்பது என்று உரை சொல்வர். இவ்விரண்டையும் கண்டு சிறு குழந்தை ஏன் இவ்வளவு சிரிக்கிறது? நேற்றுவரை அதுவும் அப்படித்தான் இருந்தது. ஐந்து வரை எண்ண இன்று காலையில் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு, எண்ணத் தெரியாத பெரியவனைக் காண்பதைவிட இன்பமான காட்சி உலகத்தில் இல்லை.

அப்படிப்பட்ட பெரியவர்கள் அறுவரைக் காவிரி நாடு ஏற்கெனவே பெற்றிருக்கிறது. இத்தாலியில் பிறந்து, தமிழகம் வந்து, கொள்ளிடத்துக்கு வடக்கே ஏலாக்குறிச்சியில் பல ஆண்டுகள் வாழ்ந்த வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குருவின் கதையைத்தான் சொல்கிறேன். குரு ஒருவர், சீடர் ஐவர். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று அவர்களுக்குப் பெயர். தொல்காப்பியர் சொன்ன பேதைமையும் மடனும் ஆள் உருவெடுத்து நடப்பதைப் போலில்லையா? தேம்பாவணி பாடிய அதே கை, மக்கள் பேசும் தமிழை ஒட்டி இதனை எழுதியது. தமிழ் பயில வந்த ஐரோப்பியப் பாதிரிமாருக்குப் பயன்படட்டும் என்பது நோக்கம். 1822-ஆம் ஆண்டில் பாபிங்டன் என்பவர் இதனை ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் அச்சிட்டார். பிறகு 1861-இல், அதே இலண்டனில், ஆல்பிரட் குரோக்வில் என்ற புனைபெயர் கொண்ட ஓவியர் ஐம்பது மரச்செதுக்குப் படங்கள் வரைய, 'கூரு சிம்பிள்' என்ற பெயரில் அது மீண்டும் வெளிவந்தது. சீடர்களுக்கு நூடில், டூடில் என்றெல்லாம் ஆங்கிலப் பேதைப்பெயர் சூட்டியிருந்தார்கள். நம் ஆற்றங்கரைப் பேதையரைச் சிரிப்புப் படங்களாக வரிசையாகக் கண்டு மகிழும் பேறு ஆங்கிலப் பிள்ளைகளுக்கு அவ்வளவு முன்னதாகவே கிடைத்திருக்கிறது.

அந்தக் கதைகளைச் சற்றுப் படநூலாக நினைத்துப் பாருங்கள். அறுவரும் ஓர் ஆற்றைக் கடக்கவேண்டும். ஆறு விழித்திருக்கிறதா, தூங்குகிறதா என்று அறியக் கொள்ளிக்கட்டையை நீரில் வைக்கிறார்கள். அது சுர்ரென்று சீறுகிறது. விழித்திருக்கிறது! பிறகு அந்த அவிந்த கட்டையையே மறுபடி வைக்கிறார்கள், ஓசையில்லை. தூங்கிவிட்டது! கோடை முழுவதும் மணலாகக் கிடந்துவிட்டு, மேட்டூர் மதகு திறந்த பிறகு நுரை பொங்க ஓடிவரும் வெண்ணாற்றையும் குடமுருட்டியையும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, ஆறு தூங்கும் என்பது ஒன்றும் அவ்வளவு பிழையாகத் தோன்றாது. அதனால்தான் அவனுக்கு இன்னும் அதிகமாகச் சிரிப்பு வரும். கரையேறியதும் ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணுகிறான். ஐந்து பேர்தான் இருக்கிறார்கள். ஒருவனை ஆறு விழுங்கிவிட்டது என்று ஒப்பாரி வைக்கிறார்கள். எழுத்து 'ஐந்து' என்று சொல்லட்டும்; படத்தில் ஆறு பேரும் இருக்கட்டும். மூன்று வயதுக் குழந்தை விரலை வைத்து எண்ணிப் பார்த்து, புத்தகம் எழுதியவரையே திருத்தும்.

குதிரை முட்டைக் கதையும் அப்படியே. பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பி விலை கொடுத்து வாங்குகிறார்கள். அது விழுந்து உடைகிறது. புதரிலிருந்து முயல் ஒன்று ஓடுகிறது. குட்டி ஓடிவிட்டதே என்று அலறுகிறார்கள். இந்தக் கதையை எழுதும்போது, 'பூசணிக்காய்' என்ற சொல்லை எழுத்தில் ஓரிடத்திலும் சேர்க்கலாகாது. முட்டை, முட்டை என்றே எழுதிக்கொண்டு போகவேண்டும். பூசணிக்காயைக் காட்டும் வேலை ஓவியனுடையது. நம் பதிப்பாளர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் இங்கேதான். குழந்தைக்குப் புரியாதோ என்று அஞ்சி, எழுத்திலும் விளக்கிவிடுகிறார்கள். விளக்கிய சிரிப்பு ஆறிய சோறு.

சிரிப்புக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. நன்றாகத் தெரிந்த பொருள் முறை மாறி நின்றால்தான் நகை பிறக்கும். தெரியாத பொருள் எப்படி நின்றாலும் வியப்புத்தான் உண்டாகும். வங்கத்தில் சுகுமார் ராய் தாமே எழுதித் தாமே படமும் வரைந்த 'ஆபோல் தாபோல்' 1923-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் வாத்தையும் முள்ளம்பன்றியையும் ஒட்டவைத்து ஒரு புதுப் பிராணியை உண்டாக்கினார். வாத்தும் முள்ளம்பன்றியும் வங்கக் குழந்தைக்குத் தெரிந்தவை. தஞ்சைப் பிள்ளைக்குத் தெரிந்தது எருமை. அதன் முதுகில் சவாரி செய்யும் கரிச்சான். வரப்பில் வளை தோண்டும் நண்டு. நடவு வயலில் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கு. களத்துமேடு, பத்தாயம், தலையாட்டிப் பொம்மை. எருமை வண்டியில் சாய்ந்துகொண்டிருக்க, வண்டிக்காரர் நுகத்தடியில் பூட்டப்பட்டு இழுக்கும் படத்தை அவனிடம் காட்டினால் எழுத்தே வேண்டியதில்லை. ஆனால் நுகத்தடியைத் தவறாக வரைந்துவிட்டால் அவன் அதைத்தான் முதலில் சொல்வான். தன் ஊர்ப் பொருள்களில் அவன் கண்டிப்பான பரீட்சகன்.

இந்த இடத்தில் பணக்கணக்கு குறுக்கே வருகிறது. வண்ணப் படம் அச்சிடச் செலவு அதிகம். தமிழில் மட்டும் சில ஆயிரம் படிகள் போட்டால் விலை எட்டாது. ஆதலால் படங்களை எல்லா மொழிக்கும் பொதுவாக அச்சிட்டு, கறுப்பு மையில் வரும் எழுத்தை மட்டும் மொழிக்கு மொழி மாற்றும் முறை ஏற்பட்டது. 1957-ஆம் ஆண்டில் தோன்றிய தேசியப் புத்தக நிறுவனம் பின்னர் நடத்திய நேரு பாலர் நூல் வரிசை, ஒரே படங்களைப் பல இந்திய மொழிகளுக்கும் கொண்டு சென்றது. அதே 1957-இல் கேலிச்சித்திரக்காரர் சங்கர் தில்லியில் குழந்தைகள் புத்தக நிறுவனத்தை அமைத்தார். 1970, 1980-களில் சோவியத் நாட்டிலேயே தமிழில் அச்சாகி, மிகக் குறைந்த விலையில் வந்த படநூல்கள் நம் சிற்றூர்கள் வரை எட்டின. இவற்றுக்கெல்லாம் நாம் நன்றி சொல்லக் கடமைப்பட்டவர்கள். எனினும் எல்லா மொழிக்கும் பொதுவான படத்தில் திண்ணை இருக்காது, வாய்க்கால் இருக்காது. பனியில் சறுக்கி விழும் கரடியைக் கண்டு நம் பிள்ளைகள் மகிழ்ந்தார்கள் என்பது உண்மை. சேற்றில் வழுக்கி விழும் கொக்கைக் கண்டு இன்னும் ஒரு மடங்கு சிரித்திருப்பார்கள்.

தொல்காப்பியர் சொன்ன நான்கில் எள்ளலை நான் இதுவரை விட்டுவைத்தேன். பிறரை இகழ்ந்து சிரிப்பது எளிது. ஓவியனுக்கு அதைவிட எளிது. திக்குவாய், கூன், கறுத்த நிறம், கோவணம், குனிந்து நடவு நடும் பெண்கள் என்று வரைந்துவிட்டால் சிலர் சிரிப்பார்கள். ஆனால் இந்த மாவட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நிலமுடையவர் பிள்ளையும், அந்த நிலத்தில் நாற்றுப் பறிப்பவர் பிள்ளையும் ஒரே பலகையில் உட்கார்ந்திருக்கிறார்கள். புத்தகம் விரிக்கப்படும்போது ஒருவன் சிரித்து, மற்றொருவன் தலை குனிவானேயானால், பிறகு அந்த இரண்டாமவன் புத்தகத்தைத் தானாகத் தேடி எடுக்கமாட்டான். வீரமாமுனிவரின் சீடர் ஐவரில்கூட 'மிலேச்சன்' என்ற பெயரைக் குழந்தைப் பதிப்பில் நான் மாற்றிவிடுவேன். மற்ற நால்வர் பெயரும் அறிவைப் பற்றியவை, அது பிறப்பைப் பற்றியது.

தஞ்சை நகருக்கு இந்தத் துறையில் பழைய உரிமை உண்டு என்பதையும் சொல்லவேண்டும். சரபோசி மன்னர் அரண்மனையிலேயே அச்சுக்கூடம் நிறுவி, 1806-ஆம் ஆண்டில் ஈசாப்பின் கதைகளை மராத்தியில் அச்சிடச் செய்தார். சரசுவதி மகால் நூல்நிலையத்துக் காட்சிக்கூடத்தில், மனித முகங்களை விலங்கு, பறவை முகங்களோடு ஒப்பிட்டு சார்ல் லெ பிரான் என்ற பிரெஞ்சு ஓவியர் வரைந்த படங்கள் இருக்கின்றன. முகக்குறி ஆராய்ச்சிக்காக வரையப்பட்டவைதாம். ஆனால் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டுபோய் ஆந்தை முகத்து மனிதரைக் காட்டிப் பாருங்கள்.

பரமார்த்த குருவின் கதைகளில் படநூலுக்கென்றே அமைந்தது என்று நான் கருதுவது ஒன்று உண்டு. குரு கிழக்குதிரையில் போகிறார். தலைப்பாகை விழுகிறது; சீடர்கள் எடுக்கவில்லை. விழுவதையெல்லாம் எடுக்கவேண்டாமா என்று குரு கடிந்துகொள்கிறார். சிறிது தூரம் போனதும் குதிரை சாணமிடுகிறது. அதையும் பயபக்தியோடு எடுத்துத் தலைப்பாகையிலேயே ஏந்துகிறார்கள். இனி எவை எவை விழுந்தால் எடுக்கலாம் என்று ஒரு பட்டியல் எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். பிறகு குருவே குழியில் விழுந்துவிடுகிறார். பட்டியலை எடுத்து வாசிக்கிறார்கள். குருவின் பெயர் அதில் இல்லை.

இதனை வரைபவர், இடப்பக்கத்தில் ஓலையை மட்டும் வரையட்டும். அதில் வேட்டி, துண்டு என்று ஒவ்வொரு பொருளின் உருவமும் இருக்கட்டும். வலப்பக்கத்தில் குழி. தாள் புரளப் புரள ஒவ்வொரு துணியாக மேலே வருகிறது. குரு மட்டும் உள்ளேயே இருக்கிறார். எழுத்தில் பட்டியலைத் தவிர வேறு சொல் வேண்டாம். பிறகு குழிக்குள்ளிருந்து ஒரு கை நீள்கிறது, ஓலையும் எழுத்தாணியும் கேட்டு. அடுத்த பக்கத்தில் குரு மேலே வந்துகொண்டிருப்பார். ஓலையின் கடைசி வரி மட்டும் கோணலாக இருக்கும். பின்னால் குதிரை மறுபடியும் வாலைத் தூக்கிக்கொண்டிருக்கும்.