திரைக்கு அந்தப் பக்கம் மூவாயிரம் ‘டக்’

செம்பூரில் பன்வேல் லோக்கல் பிடித்து, மான்கூர்டு தாண்டிக் கழிமுகப் பாலத்தில் வண்டி தடதடக்கும்போதே எனக்குக் குஷி தாங்கவில்லை. வாஷிக்கு அடுத்தது சான்பாடா. ஆண்கள் வீட்டில்கூடச் சொல்லாமல் வந்துபோகிற ஒரு சிகிச்சை அறையை, நோயாளியின் சம்மதத்தோடு, எட்டிப் பார்க்கப் போகிறோம். வாருங்கள், செருப்பை ஓரமாக விடுங்கள்.

அறை ஒரு சமையலறை அளவுதான். கட்டில், பச்சைத் திரை, சக்கரம் வைத்த மேஜையில் அதிர்வலை இயந்திரம். மற்ற இடமெல்லாம் டிஷ்யூ சுருள்களும், நடுவில் ஓட்டை போட்ட ரப்பர் மெத்தையும், அட்டைப்பெட்டிகளும். ஜெல் பாட்டில் மட்டும் வெந்நீர்க் குவளையில் நிற்கிறது. “சில்லுனு வச்சா ஆள் கட்டில விட்டு எகிறிடுவாரு சார்” என்கிறார் பிசியோதெரபிஸ்ட். தாராவியில் வளர்ந்த திருநெல்வேலிப் பிள்ளை.

கட்டிலில் இருப்பவர் துர்பேயில் லாரி புக்கிங் ஆபீஸ் கணக்கர். நாள் முழுக்க நாற்காலி. விரைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே மாதக்கணக்கில் வலி. வீட்டில் “இடுப்பு வலி” என்று சொல்லிவைத்தார். “அவ முதுகுல தைலம் தேய்ப்பா. வலி வேற வார்டுல இருக்கும்!” திரைக்குப் பின்னால் அவரே முதலில் சிரிக்கிறார். லோக்கலில் சீட் காலியாக இருந்தாலும் நின்றுகொண்டேதான் வருவாராம். சிறுநீரியல் மருத்துவர் எல்லாம் சோதித்து, கிருமி ஒன்றும் இல்லை என்று பார்த்த பிறகே இங்கே அனுப்பியிருக்கிறார். நோயின் பெயர் நாள்பட்ட இடுப்புக்குழி வலி.

டக்… டக்… டக்! ஆரம்பித்துவிட்டது. விநாடிக்கு 3 அடி, மொத்தம் 3,000. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 17 நிமிஷம். அதுவரை அலைக் கருவியைப் பிடித்திருக்கும் மணிக்கட்டைப் பிசியோ தம்பி அசைக்கக் கூடாது. நெற்றியில் வழியும் வேர்வையைத் தோள்பட்டையால் துடைத்துக்கொள்கிறார். 1,200ஐத் தாண்டியதும் பேச்சு ரோகித் சர்மாவுக்குத் தாவுகிறது. 2,000ல் உள்ளேயிருந்து ஒரு ‘ஸ்ஸ்’. பொத்தானை ஒரு படி இறக்குகிறார். பேச்சு தொடர்கிறது.

இது என்ன கூத்து என்கிறீர்களா? 1980ல் ஜெர்மனியின் மியூனிக்கில் சிறுநீரகக் கல்லை உடைக்கக் கிளம்பிய அலையின் சாதுவான தம்பி இது. அதே நாட்டின் மைன்ஸ் நகரத்து மருத்துவர்கள் 60 ஆண்களை வைத்துச் சோதித்து, 2009ல் முடிவை வெளியிட்டார்கள். வாரம் ஒரு முறை, 4 வாரம், ஒவ்வொரு முறையும் இதே 3,000 அடி. பாதிப் பேருக்கு அலை உடம்புக்குள் போகாத டம்மி. நிஜ அலை பட்டவர்களுக்கு வலி குறைந்தது. 12 வாரம் வரை தொடர்ந்து பார்த்தார்கள்.

இனி மேஜை இழுப்பறை. உள்ளே, அலையோடு சேர்த்துக் கொடுக்கிற கேப்ஸ்யூல் டப்பாக்கள். ஒன்றில் வெங்காயத்தில் இருக்கிற குவெர்செட்டின், இன்னொன்றில் மகரந்தச் சாறு. குவெர்செட்டினை அமெரிக்காவில் 500 மில்லிகிராம் வீதம் தினம் இரு வேளை, ஒரு மாதம் கொடுத்துப் பார்த்து, 1999ல் முடிவை வெளியிட்டார்கள். டம்மி மாத்திரை தின்றவர்களைவிட நிறையப் பேருக்குக் குணம் தெரிந்தது. மகரந்தச் சாறும் ஜெர்மனியில் 139 பேரிடம், 12 வாரச் சோதனையில் தேறியதாக 2009ல் முடிவு வந்தது.

“பக்கத்துலதான ஏபிஎம்சி வெங்காய மார்க்கெட், ரெண்டு மூட்டை தூக்கிட்டு வந்துடட்டுமா?” என்று திரைக்குள்ளிருந்து குரல். “அந்த அளவு வெங்காயத்துல வராது அண்ணே. டாக்டரக் கேக்காம எதையும் முழுங்காதீங்க” என்கிறார் தம்பி. அலையும் சாறும் சேர்ந்து வலி போனால் பேர் யாருக்கு? நான் குறும்பாகக் கேட்டேன். “கல்யாணம் நல்லா நடந்தா சமையக்காரருக்கா, மேளக்காரருக்கான்னு கேக்குற மாதிரி இருக்கு சார். தனித்தனியா சோதிச்சதுதான் நமக்குக் கைவசம். அண்ணனுக்கு எது கேட்டுச்சுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது.”

2,998, 2,999, 3,000. அமைதி. டிஷ்யூ சுருள் சரசரக்கிறது. வேட்டி மாதிரி துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்த அண்ணனிடம் ஒரு படிவம் நீட்டப்படுகிறது. வலி எங்கே, எத்தனை தடவை, சிறுநீர் எப்படி என்று கேள்விகள். உச்சம் 43 புள்ளி. 6 குறைந்தால் நல்ல மாற்றம் என்பது ஆராய்ச்சியாளர்கள் வகுத்த அளவுகோல். அண்ணனுக்கு இதுவரை 5 குறைந்திருக்கிறது.

பாக்கி கடைசிக் கேள்வி. வாழ்நாள் முழுக்க இப்படியே இருந்தால் எப்படி உணர்வீர்கள்? கட்டங்கள் ‘மகிழ்ச்சி’யில் தொடங்கிக் ‘கொடுமை’யில் முடிகின்றன. ‘மகிழ்ச்சி’ப் பக்கம் ஒரு கட்டம் நகர்ந்தால் 6 ஆகிவிடும். எனக்குப் படபடப்பு. தம்பி வேண்டுமென்றே ஜன்னலைப் பார்க்கிறார்.

அண்ணன் பேனாவை உருட்டினார். பழைய கட்டத்திலேயே டிக் போட்டார்.

“அவசரம் என்ன தம்பி? லோக்கல்ல நாலாவது ஆளா நெருக்கி, ஓரத்துல ஒட்டிக்கிட்டு, இங்கேர்ந்து செம்பூர் வரைக்கும் உக்காந்து பாக்குறேன். அன்னைக்கு மாத்திப் போடுறேன்.”