உங்களுக்குத் தெரியுமா? முத்துக்குளித்துறையின் நூல்கள் கடல் கடந்த கதை

இந்திய மொழி எழுத்தில் அச்சான முதல் நூல் என்ற பெருமை தமிழுக்கே. 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ வெறும் 16 பக்கம்தான். அதை ஆக்கியவர் தூத்துக்குடிக்குத் தெற்கே, தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் நெடுங்காலம் வாழ்ந்த போர்ச்சுகல் பாதிரியார் அன்றீக் அடிகளார். அச்சுச் செலவுக்குப் பணம் தந்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள். கடலில் மூச்சடக்கிச் சம்பாதித்த காசு! 1586-இல் அவரே எழுதிய ‘அடியார் வரலாறு’ 600 பக்கங்களைத் தாண்டியது. அச்சேறியது புன்னைக்காயலில் என்பது பல ஆய்வாளர் கருத்து.

இன்று அந்த முதல் நூலைப் பார்க்க அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்துக்குப் போக வேண்டும். ‘அடியார் வரலா’ற்றுக்கு வத்திக்கான் நூலகம். கடற்கரை ஈரத்துக்கும் கரையானுக்கும் தாள் எத்தனை நாள் தாங்கும்? கடல் கடந்து போன பிரதிகள்தான் பிழைத்தன. வத்திக்கான் பிரதியைத் தமிழுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் தமிழறிஞர் தனிநாயகம் அடிகளார். 1967-இல் ச. இராசமாணிக்கம் அடிகளார் பதிப்பிக்க, அந்நூலை மீண்டும் வெளியிட்டது தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகம்.