செதிலுக்கும் பேர் உண்டு

மெக்கானிக்கல்காரர்கள் மரையைப் பார்த்தே போல்ட்டின் வகையைச் சொல்லிவிடுவீர்கள். பூச்சியும் அப்படித்தான்.

தோட்டத்துக் கூலிவேலைக்குப் போகும் என் அப்பாவுக்குக் காப்பி இலையில் ஒட்டியிருப்பதெல்லாம் வெறும் 'செதிலு'. ஆனால் அதில் இரண்டு பேரினம் இருக்குதுங்க! தட்டையாய், பச்சையாய், முதுகில் கறுப்புப் புள்ளிகள் வளைவாய்த் தெரிந்தால் காக்கஸ் விரிடிஸ். காக்கஸ் என்பது 1758-ல் லின்னேயஸ் வைத்த பேர். பழுப்பாய், பாதி உருண்டையாய் இருந்தால் சைசீசியா காஃபியே. அதன் இளசுகளின் முதுகில் 'எச்' எழுத்து மாதிரி மேடு இருக்கும்.

பேரினத்தை உறுதிசெய்ய, வளர்ந்த பெண்பூச்சியைப் பொட்டாஷில் சூடாக்கி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் அதன் முட்களையும் துளைகளையும் பார்க்க வேண்டும்.

லீவில் அப்பாவிடம் பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். "பேரே தெரியாமத்தான் இத்தனை வருஷமா மருந்தடிச்சேனா?" என்றார்.